குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையை ஒரு பெற்றோர் மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார். அல்லது கோடை விடுமுறைக்கு என்று வந்த இடத்தில், திருப்பி அனுப்ப மாட்டேன் என்கிறார். இப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் முடிவாக வேண்டியது, எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் என்பது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ குழந்தை வந்துசேர்ந்த வழக்குகளை மனதில் வைத்தே இங்கே பதில்கள் தரப்பட்டுள்ளன.

பெற்றவர் தன் பிள்ளையைக் கூட்டிவருவதைக் கடத்தல் என்று எப்படிச் சொல்லலாம்?

முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்காக நாடுகளுக்கிடையே 1980 அக்டோபர் 25-இல் உருவான ஹேக் உடன்படிக்கை அந்தச் சொல்லைக் குற்றவியல் பொருளில் பயன்படுத்தவில்லை. குழந்தை வழக்கமாக வசித்துவந்த நாட்டின் சட்டப்படி மற்றப் பெற்றோருக்கும் பராமரிப்பு உரிமை (குழந்தையை வளர்க்கவும் அது எங்கே வாழ வேண்டும் என்று முடிவுசெய்யவும் உள்ள உரிமை) இருக்கிறது; அவர் அதை உண்மையிலேயே பயன்படுத்திவந்தார்; அவர் சம்மதம் இல்லாமல் குழந்தை நாடு கடந்தது. இந்த மூன்றும் இருந்தால் அது முறையற்ற அகற்றல். சம்மதத்தோடு வந்து, திரும்ப வேண்டிய நாளில் திரும்பாமல் இருந்தால் முறையற்ற தக்கவைப்பு. நடைமுறையில் இரண்டாவது வகையே அதிகம் சிக்கலானது: சம்மதம் ஒரு மாதத்துக்கா, நிரந்தரத்துக்கா என்று வாட்ஸ்அப் செய்திகளை வைத்து வாதாட வேண்டியிருக்கும்.

குற்றவியல் பக்கம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமும் பெற்றோரையே குற்றவாளியாக்கும். இந்தியாவில் நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாதபோது, இயற்கைப் பாதுகாவலரான பெற்றோர்மீது கடத்தல் வழக்குப் பதிய போலீஸார் பொதுவாக முன்வருவதில்லை. ஆகவே உள்ளூர் காவல் நிலையத்தை நம்பி வாரக்கணக்கில் அலைவதில் பலன் குறைவு.

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதும் எந்த நீதிமன்றம் என்பதும் ஒரே கேள்விதானே?

இல்லை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல மனுக்கள் தோற்கின்றன. ஹேக் நாடுகளில், அதாவது அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், திருப்பி அனுப்பும் மனுவை விசாரிக்கும் நீதிபதி, யார் நல்ல பெற்றோர் என்று தீர்மானிக்கவே கூடாது. உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. குழந்தை திரும்ப வேண்டுமா, இல்லையா என்பதோடு அவர் வேலை முடிந்தது. மீதியை வசிப்பிட நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அந்த மனுவில் மாமியார் கொடுமையிலிருந்து சமையல் வரை நாற்பது பக்கம் எழுதுவது வீண். இந்தியாவில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை, கீழே சொல்கிறோம்.

குழந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றது. அப்படியானால் அமெரிக்க நீதிமன்றம்தானே?

குடியுரிமை மட்டும் அதிகாரத்தைத் தீர்மானிக்காது. இந்திய நீதிமன்றங்கள் அதை ஒரு காரணியாகப் பார்க்கின்றன, அவ்வளவே.

வழக்கமான வசிப்பிடம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

உடன்படிக்கை வேண்டுமென்றே வரையறை தரவில்லை. பள்ளி, மருத்துவர், நண்பர்கள், பேசும் மொழி, வீட்டு வாடகை ஒப்பந்தம், விசாவின் தன்மை, பெற்றோர் சேர்ந்து போட்ட திட்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே ஓரிடத்தில் வேர்விட்ட பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியும் நட்பும் முக்கியம். ஆறு மாதக் கைக்குழந்தைக்கு அதை வளர்ப்பவரின் சூழல் முக்கியம். மொத்தச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும், பெற்றோருக்கிடையே வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது.

இந்தியாவில் இதற்கு இணையான சொல் 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இருக்கிறது: சிறார் ‘சாதாரணமாக வசிக்கும்’ இடத்து நீதிமன்றம். போன வாரம் சேலத்துக்கு வந்திறங்கிய குழந்தை சாதாரணமாகச் சேலத்தில் வசிப்பதாக ஆகாது. 2019-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கில், அமெரிக்காவில் வளர்ந்த குழந்தைகளுக்காக ஐதராபாத்தில் தாக்கலான பராமரிப்பு மனு இந்தக் காரணத்தாலேயே நிற்கவில்லை. 2011-இல் டெல்லி வழக்கு ஒன்றில் நிலைமை தலைகீழ். குழந்தை இந்தியாவிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று தந்தை எழுதியது அவருக்கு எதிராகவே சாட்சியானது. டெல்லி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது. கோபத்தில் அனுப்பும் ‘அங்கேயே இருந்துக்கோ’ என்ற ஒரு வரியின் விலை இது.

எந்தெந்த நாடுகளில் ஹேக் உடன்படிக்கை செல்லும்?

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே ஆகியவை அதில் உண்டு. இலங்கை 2001-இல் சேர்ந்து அதே ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றியது. சிங்கப்பூர் 2010-இல் சேர்ந்தது. இந்தியா இல்லை, மலேசியா இல்லை, ஐக்கிய அரபு அமீரகமும் சவூதி அரேபியாவும் இல்லை.

இங்கே பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம். பிற்பாடு வந்து சேர்ந்த நாட்டின் உறுப்புரிமை எல்லா நாடுகளோடும் தானாகச் செல்லாது. மற்ற நாடு அதை ஏற்றுக்கொண்டதாக அறிவித்திருக்க வேண்டும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2008-இலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நிகழ்ந்த அகற்றலுக்கு அது பொருந்தாது. ஆகவே ‘இரண்டு நாடும் பட்டியலில் இருக்கிறதே’ என்று நின்றுவிடாமல், அந்த இரண்டுக்கும் இடையே ஏற்பு இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து என்பதை ஹேக் மாநாட்டு அமைப்பின் அட்டவணையில் பாருங்கள்.

டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ குழந்தையை யாழ்ப்பாணம் கொண்டுபோய்விட்டார்கள். வழி என்ன?

மேலே சொன்ன ஏற்பு இருந்தால், நீங்கள் வசிக்கும் நாட்டின் மைய அதிகார அமைப்பிடம் (ஹேக் விண்ணப்பங்களைக் கையாள அந்த நாடு நியமித்த அலுவலகம்) விண்ணப்பம் கொடுக்கலாம். அது இலங்கை நீதி அமைச்சுக்குப் போகும். குழந்தை 16 வயதுக்குட்பட்டதாக இருக்க வேண்டும். 16 நிறைந்த அன்றே உடன்படிக்கை விலகிவிடும், வழக்கு பாதியில் இருந்தாலும்.

அகற்றிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் மனு தாக்கலாகியிருந்தால் திருப்பி அனுப்புவதே விதி. ஓராண்டு கடந்தால், குழந்தை புதிய சூழலில் நிலைத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அமைச்சிடம் விண்ணப்பம் கொடுத்த தேதி கணக்கில் வராது, நீதிமன்றத்தில் தாக்கலான தேதிதான் கணக்கு. அலுவலகங்களுக்கிடையே கோப்பு நகரும் மாதங்கள் உங்கள் கணக்கிலிருந்தே கழியும் என்பதால், எட்டு ஒன்பது மாதம் ஆறப்போட்டுவிட்டு வருபவர்கள் ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள். குழந்தையை ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதற்காக இந்த ஓராண்டை நீட்ட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

மறுப்பதற்கான மற்றக் காரணங்கள் குறுகியவை: முன்சம்மதம் அல்லது பின்னர் ஒப்புக்கொண்டது, திருப்பி அனுப்பினால் உடல் அல்லது மனத் தீங்குக்குக் கடும் அபாயம், போதிய வயதும் பக்குவமும் உள்ள குழந்தையின் எதிர்ப்பு, அடிப்படை மனித உரிமைகளுக்கு முரண். ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் எதிர்பார்ப்பு. அப்படி முடிவது அரிது.

அகதிக் கோரிக்கை இருந்தால் இன்னொரு முடிச்சு. குழந்தையின் பெயரில் புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை திருப்பி அனுப்பும் உத்தரவை நிறைவேற்ற முடியாது, ஆனால் ஹேக் விசாரணை நடக்கலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

குழந்தை இந்தியாவில் இருக்கிறது. இந்தியா உடன்படிக்கையில் இல்லை. எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

உயர் நீதிமன்றத்துக்கு, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ஆட்கொணர்வு மனுவோடு (சட்டவிரோதக் காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் மனு). குழந்தை இருக்கும் இடத்தைப் பொறுத்து இடம் மாறும்: கோவை, சேலம், வேலூர் என்றால் சென்னை முதன்மை அமர்வு, மதுரை, திருச்சி, திருநெல்வேலி, தஞ்சாவூர், கன்னியாகுமரி என்றால் மதுரைக் கிளை. குழந்தை எங்கே என்றே தெரியாவிட்டால் கண்டுபிடிக்கப் போலீஸுக்கு உத்தரவிடும்படி அதே மனுவில் கேட்கலாம். 2009-இல் தீர்ப்பான நியூயார்க் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சிபிஐயிடமே பொறுப்பைக் கொடுத்து, சிறுவன் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டான். 32-ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து தந்தை கொண்டுவந்துவிட்ட குழந்தைகளுக்காகத் தாய் தமிழ்நாடு அரசையும் எதிர்மனுதாரராக்கி அப்படிப் போனார். 2022-இல் குழந்தைகள் அமெரிக்கா திரும்ப உத்தரவு கிடைத்தது.

பெற்றோரிடம் இருக்கும் குழந்தை எப்படிச் சட்டவிரோதக் காவலில் இருப்பதாகும் என்ற எதிர்வாதம் தவறாமல் வரும். வெளிநாட்டு உத்தரவு ஒன்று கையில் இருந்தால் அதற்குப் பதில் சொல்வது எளிது. இல்லாவிட்டால், ‘விரிவான சாட்சி விசாரணை வேண்டும், குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள்’ என்று மனுவை முடித்துவைக்கும் வாய்ப்பு உண்டு. குடும்ப நீதிமன்றம் என்றால் மாதங்கள் அல்ல, ஆண்டுகள்.

இந்திய நீதிமன்றம் எந்த அடிப்படையில் முடிவெடுக்கிறது? ஒவ்வொரு தீர்ப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே!

உண்மைதான். மூன்று தீர்ப்புகளைப் புரிந்துகொண்டால் மற்றவை விளங்கும்.

2009 நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இரண்டு பாதைகளைக் காட்டியது: சுருக்க விசாரணை நடத்தி உடனே திருப்பி அனுப்பலாம், அல்லது நலன் குறித்து விரிவாக விசாரிக்கலாம்.

2015-இல் வந்தது கோவை வழக்கு. பிரிட்டனில் வசித்த தம்பதி. மனைவி இரண்டு மகள்களோடு 2012-இல் கோவைக்கு வந்து விவாகரத்து மனு போட்டார். கணவர் பிரிட்டன் உயர் நீதிமன்றத்தில் குழந்தைகளை அந்த நீதிமன்றத்தின் காப்பில் வைக்கும் உத்தரவு வாங்கினார். சென்னை உயர் நீதிமன்றம் கணவரின் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: குழந்தைகளோடு நெருங்கிய தொடர்புடைய நீதிமன்றம் முதலில் இடைக்கால உத்தரவு போட்டுவிட்டால் இந்திய நீதிமன்றம் அதை மதிக்க வேண்டும் என்றது. யார் முந்துகிறார் என்ற ஓட்டப்பந்தயமாக விஷயம் மாறியது.

2017 ஜூலை 3-இல், பிரிட்டனிலிருந்து தாய் கூட்டிவந்த ஒரு சிறுமியின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த ஓட்டப்பந்தயத்தை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய காரணிகளுள் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே மேலானது என்றது. இதய நோய் இருந்த அந்தச் சிறுமி தாயோடு டெல்லியில் தங்கினாள். இன்று வரை இதுதான் அடித்தளம்.

ஆனால் ‘நலனே மேலானது’ என்றால் இந்தியாவிலேயே தங்கலாம் என்று வாசிப்பது பெரிய தவறு. 2019, 2020, 2022 ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் பலவற்றில், அதே நலன் சோதனையைப் பயன்படுத்தியே குழந்தைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நீதிபதிகள் கேட்பவை: அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தது? இங்கே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று? பள்ளி மாறி நிலைத்துவிட்டதா? மொழி? உடல்நிலை, சிகிச்சை? ஐந்து வயதுக்குட்பட்டதா? (இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வயதுவரை சாதாரணமாகத் தாயிடம்.) திரும்பினால் தாய்க்கு அங்கே தங்க விசா உண்டா? எட்டு மாதத்துக்குள் வந்த மனுவுக்கும் நான்கு ஆண்டு கழித்து வந்த மனுவுக்கும் இந்தக் கேள்விகளுக்கான விடை முற்றிலும் வேறாக இருக்கும். முந்துவதற்குப் பரிசில்லை என்று 2017 சொன்னாலும், பிந்துவதற்கு அபராதம் உண்டு.

அமெரிக்க நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கிறது. இந்தியாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாதா?

முடியாது. பணத் தீர்ப்பாணைகளை நிறைவேற்றும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு வழி பராமரிப்பு உத்தரவுகளுக்கு உதவாது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று பட்டியலிடுகிறது: அதிகாரமில்லாத நீதிமன்றம், தகுதி அடிப்படையில் விசாரிக்காதது, இயற்கை நீதிக்கு முரண், மோசடி போன்றவை.

பெரும்பாலான உத்தரவுகள் அடிவாங்குவது அழைப்பாணை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கப்பட்ட விதத்தில்தான். நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டில் சேர்ப்பிப்பதற்கான தனி ஹேக் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர். ஆனால் தபால் வழிச் சேர்ப்பிப்பை இந்தியா ஏற்கவில்லை. ஆவணங்கள் மத்திய சட்ட அமைச்சகம் வழியாகவே வர வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். பொறுமையிழந்து கூரியரில் அனுப்பி, எதிர்த்தரப்பு வரவில்லை என்று ஒருதரப்பு உத்தரவு வாங்கினால், ‘எனக்கு முறையாகத் தெரிவிக்கப்படவே இல்லை’ என்ற வாதத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். முறையான வழியைத் தொடங்கிவிட்டு, கூடுதலாக மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எதிர்த்தரப்புக்கு வழக்கு தெரியும் என்பதற்கு அது சான்றாகும்.

அமெரிக்காவில் ஆறு மாதக் கணக்கு என்கிறார்களே?

அங்கே ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரியான அதிகார வரம்புச் சட்டத்தை ஏற்றுள்ளன. வழக்குத் தொடுக்கும் முன் தொடர்ந்து ஆறு மாதம் குழந்தை வசித்த மாநிலமே ‘சொந்த மாநிலம்’. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து வசித்த மாநிலம். குழந்தை போய்விட்டாலும், ஒரு பெற்றோர் அங்கேயே இருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் அதிகாரம் அந்த மாநிலத்திடமே நிற்கும்.

இந்தச் சட்டம் வெளிநாட்டையும் ஒரு மாநிலம்போலவே நடத்துகிறது. ‘மனசு மாறி வந்துவிடுவாள்’ என்று ஏழாவது மாதம்வரை காத்திருந்தால், நியூஜெர்சி நீதிபதியே ‘குழந்தையின் சொந்த மாநிலம் இப்போது இந்தியா’ என்று சொல்லக்கூடும். தற்காலிகப் பயண நாட்கள் இந்தக் கணக்கை முறிக்காது என்று வாதாடலாம்தான். திரும்பும் பயணச்சீட்டு இருந்தால் வாதம் வலுக்கும். சமாதானப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் தாக்கலாகட்டும்.

அடி, உதை தாங்காமல் குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டேன். நான் குற்றவாளியா?

வன்முறை உண்மையான எதிர்வாதம். ஆனால் அது தாளில் இருக்க வேண்டும். அங்கே போலீஸுக்கு அழைத்த பதிவு, மருத்துவமனைச் சீட்டு, பாதுகாப்பு உத்தரவு, காயத்தின் படங்கள், தோழிக்கு அன்றே அனுப்பிய செய்தி ஆகியவற்றைத் திரட்டுங்கள். ஹேக் நாடுகளில் நீதிபதி அடுத்துக் கேட்பது, ‘அந்த நாட்டிலேயே தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்தால் அபாயம் நீங்குமா?’ என்பது. நீங்காது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இன்னும் கிளம்பவில்லை என்றால், இடம்பெயர அனுமதி கேட்டு அங்கேயே மனுப் போடுவது பாதுகாப்பான வழி. கிளம்பிவிட்டீர்கள் என்றால், வெளிநாட்டு அழைப்பாணையை உதாசீனம் செய்யாதீர்கள். அதிகார வரம்பை மறுக்கிறேன் என்று தெளிவாக எழுதி, அந்த ஆட்சேபத்தோடு வழக்கறிஞர் மூலம் ஆஜராகுங்கள். ஆட்சேபம் சொல்லாமல் வாதத்தில் இறங்கினால் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும்.

திரும்பும்படி உத்தரவு வந்தாலும் நிபந்தனைகள் கேட்கலாம்: விமானக் கட்டணம், தனி வீடு, மாதச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், கைது வாரண்டைத் திரும்பப் பெறுதல். தாயைத் திரும்பிப் போகும்படி கட்டாயப்படுத்த நீதிமன்றத்தால் முடியாது. குழந்தையை அனுப்ப முடியும். கணவரின் விசாவைச் சார்ந்த விசாவில் இருந்தவர்கள், விவாகரத்தானால் அந்த விசா என்னாகும் என்பதை நீதிபதிக்கு ஆவணத்தோடு காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்த குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால்?

ஹேக் வழி கிடையாது. இங்கே குடும்ப நீதிமன்றத்தில் விரைந்து உத்தரவு வாங்குவதே தொடக்கம். எதிர்த்தரப்புக்கு முறையாகத் தெரிவித்து வாங்கிய உத்தரவை அமெரிக்க மாநில நீதிமன்றத்தில் பதிவுசெய்து நிறைவேற்றக் கேட்கலாம். இங்கிலாந்தில் உயர் நீதிமன்றத்தின் இயல்பதிகாரத்தின்கீழ் மனு. அங்கே உடன்படிக்கைக்கு வெளியே வரும் வழக்குகளில் குழந்தையின் நலனே அளவுகோல் என்று 2005-இல், அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்தது.

இருநாட்டு ஒத்த உத்தரவு என்றால் என்ன?

இந்திய நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளை, குழந்தை போகும் நாட்டு நீதிமன்றமும் அப்படியே தன் உத்தரவாகப் போடுவது. குழந்தை விமானம் ஏறும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். இதற்கும் எல்லை உண்டு: கென்யாவுக்கு அனுப்பச் சொன்ன 2020 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியது, குழந்தை போன பிறகு தந்தை நிபந்தனைகளைக் காப்பாற்றவில்லை, மோசடியாகப் பெறப்பட்டது என்று 2021-இல் அந்தத் தீர்ப்பையே நீதிமன்றம் திரும்பப் பெற நேர்ந்தது.

வெளிநாட்டிலிருந்து வழக்கு நடத்த என்ன ஆவணங்கள் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குழந்தையின் பாஸ்போர்ட் மற்றும் விசா நகல், பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி மற்றும் மருத்துவப் பதிவு, போய்வரும் பயணச்சீட்டு, செய்திப் பரிமாற்றம் முழுவதும். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மறுபாதியை எதிர்த்தரப்பு கொடுக்கும். வெளிநாட்டு உத்தரவுகளின் சான்றிட்ட நகலுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்காக அந்த நாட்டு அரசு தரும் சான்று) பெறுங்கள். இங்குள்ள உறவினருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இது விட்டுப்போனால் ஆவணம் சாட்சியத்தில் ஏறாது.

வழக்கு முடியும்வரை பிள்ளையைப் பார்க்கவே முடியாதா?

முதல் மனுவோடு சேர்த்து இடைக்காலச் சந்திப்பும் காணொளி அழைப்பும் கேளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். வேறு நாட்டில் இருக்கும் பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது குழந்தையோடு பேச வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மனுவில் காட்டுங்கள். நேரத்தை இந்திய நேரப்படியே, பள்ளி நேரத்தைத் தவிர்த்து, எந்தச் செயலி, எந்த எண் என்பது வரை உத்தரவில் எழுதிவாங்குங்கள். அழைப்பு தவறிய நாட்களைத் தேதியோடு குறித்துவையுங்கள்; அடுத்த வாய்தாவில் அந்தத் தாள் உதவும்.